பதினாலு நாள் பள்ளிக்கூடம்

72 மணி நேரம். தினம் ஆறு மணி வீதம் பன்னிரண்டு நாள். நடுவே மூச்சு வாங்க இரண்டு நாள் சேர்த்தால், பதினாலு. முடிந்ததும் கையில் ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டு அரசாங்க வேலை கிடைக்காது. பேங்க்கில் லோன் கேட்டாலும் மதிக்கமாட்டார்கள். ஆனாலும் உலகம் முழுக்க, ஐ.டி. கம்பெனி ஆசாமிகள் முதல் ரிடையர்டு வாத்தியார்கள் வரை, லீவு போட்டு, பணமும் கட்டி, கொசுக்கடியில் டென்ட்டில் படுத்து இதைப் படித்துவிட்டு வருகிறார்கள்.

பர்மாகல்ச்சர் டிசைன் கோர்ஸ். உங்கள் நண்பர் யாராவது திடீரென்று வீக் எண்டில் மண்வெட்டியும் கையுமாக அலைகிறார் என்றால், அநேகமாக அவர் இதை முடித்தவராக இருப்பார். நீங்களும் போகலாமா என்று யோசித்தால், முதலில் இதை ஆரம்பித்த மனிதரைத் தெரிந்துகொள்ளுங்கள். சுவாரசியமான ஆசாமி.

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே, கடலில் தனியாகக் கிடக்கிற தீவு டாஸ்மேனியா. அங்கே ஸ்டான்லி என்றொரு மீன்பிடி ஊர். 1928-ல் அங்கே பிறந்தார் பில் மாலிசன். பதினைந்து வயதில் படிப்புக்கு முழுக்கு. குடும்பத்துக்கு ஒரு பேக்கரி இருந்தது. அதில் ரொட்டி சுட்டார். அப்புறம் சுறா பிடிக்கப் போனார். காட்டில் மரம் வெட்டினார். பொறிவைத்து விலங்கு பிடித்தார். டிராக்டர் ஓட்டினார். ஒரு பேராசிரியரின் பயோ-டேட்டா மாதிரியா இருக்கிறது? ஆனால் அவர் பேராசிரியர் வேலைக்கும் போனார், கடைசியில் அதையும் உதறினார்.

1954-ல் ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிறுவனத்தில் வனவிலங்குப் பிரிவில் வேலை கிடைத்தது. காட்டில் உட்கார்ந்து விலங்குகளைக் கவனிக்க வேண்டும், அதற்குச் சம்பளம். 1959 வாக்கில் டாஸ்மேனிய மழைக்காட்டில் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்குள் ஒரு கேள்வி. இந்தக் காட்டுக்கு யார் உரம் போட்டார்கள்? யார் தண்ணீர் பாய்ச்சினார்கள்? ஒருத்தரும் இல்லை. பின்னே எப்படி இத்தனை விளைச்சல்? இதேபோல ஒன்றை, மனிதன் சாப்பிடுகிற செடிகளையும் மரங்களையும் வைத்து நாமே கட்டினால் என்ன?

கேள்வி பிறந்துவிட்டது. பதில் எழுத ஒரு பையன் வரவேண்டியிருந்தது.

நடுவில் காலம் மாறியது. 1972-ல் டாஸ்மேனியாவின் அழகான பெடர் ஏரியை, மின்சாரம் எடுப்பதற்காக அணை கட்டி மூழ்கடித்தார்கள். மக்கள் கொதித்தார்கள். உலகின் முதல் பசுமைக் கட்சி என்று சொல்லப்படுகிற அமைப்பு அந்த ஆண்டில் அந்தத் தீவில்தான் பிறந்தது. மறுவருடம் எண்ணெய் நெருக்கடி. டீசல் இல்லாவிட்டால் டிராக்டர் இல்லை, டிராக்டர் இல்லாவிட்டால் சோறு இல்லை என்பது பணக்கார நாடுகளுக்கு முதல்முறையாக உறைத்தது.

1974-ல் ஹோபார்ட் நகரில், டேவிட் ஹோல்ம்கிரன் என்ற மாணவர் மாலிசனைச் சந்தித்தார். வயது இருபதுகூட ஆகவில்லை. மாலிசன் அப்போது டாஸ்மேனியப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பையன் படித்ததோ வேறு கல்லூரி, சுற்றுச்சூழல் வடிவமைப்பு. இருவரும் ஒரே வீட்டில் தங்கி, தோட்டம் போட்டார்கள். ராத்திரியெல்லாம் பேச்சு. பையன் எழுதினார்; பெரியவர் திருத்தினார், சேர்த்தார். 'பர்மனென்ட்', 'அக்ரிகல்ச்சர்' இரண்டையும் ஒட்டி ஒரு சொல்லும் செய்தார்கள். 1978-ல் 'பர்மாகல்ச்சர் ஒன்' புத்தகம் வெளியானது.

பொதுஜனத்துக்குப் பிடித்தது. நிபுணர்களுக்குக் கடுங்கோபம். கட்டடக்கலையையும் உயிரியலையும் விவசாயத்தையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டினால்? ஒவ்வொரு துறைக்காரரும் தன் வேலிக்குள் யாரோ புகுந்துவிட்டதாக நினைத்தார்கள்.

மாலிசன் என்ன செய்தார் தெரியுமா? பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே வந்தார். வயது ஐம்பது. சொந்த ஊரான ஸ்டான்லிக்கே திரும்பி ஒரு நிறுவனம் தொடங்கி, வருகிறவர்களுக்குத் தானே பாடம் நடத்த ஆரம்பித்தார். பட்டதாரியா, பேக்கரிக்காரரா என்ற கேள்வியே கிடையாது. அவருடைய கணக்கு எளிமையானது. நான் முப்பது பேருக்குச் சொல்லித் தருகிறேன். அவர்களில் சிலர் ஊருக்குப் போய் ஆளுக்கு முப்பது பேருக்குச் சொல்லித் தரட்டும். அரசாங்கமும் வேண்டாம், பல்கலைக்கழகமும் வேண்டாம். 1981-ல் அவருக்கு 'மாற்று நோபல்' என்று அழைக்கப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது.

சரி, அந்த 72 மணி நேரத்தில் என்னதான் நடக்கிறது?

மாலிசன் 1988-ல் எழுதிய, ஐந்நூறு பக்கங்களைத் தாண்டிய ஒரு தடிப் புத்தகம்தான் இதற்கு வேதம். பதினாலு அத்தியாயங்கள். தண்ணீர், மண், மரம், வெப்பநிலை, மீன் குளம் என்று போய், கடைசி அத்தியாயத்தில் மாற்று தேசம் அமைப்பது எப்படி என்பதுவரை போகிறது. (அங்கே பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள் என்பது வேறு விஷயம்.)

மனதில் நிற்கிற பாடம், மண்டலங்கள். வீடு பூஜ்யம். தினம் பலமுறை போகிற இடம் ஒன்று. கோழி, பழமரம் இரண்டு. பெரிய பயிர் மூன்று. விறகு, மேய்ச்சல் நான்கு. ஐந்து, நாம் கை வைக்கவே கூடாத காடு. கேட்டால் 'இதென்ன பிரமாதம்' என்று தோன்றும். ஆனால் உங்கள் கொத்தமல்லிப் பாத்தியை நினைத்துப் பாருங்கள். ரசம் கொதிக்கும்போது செருப்பு மாட்டிக்கொண்டு போய்ப் பறிக்கிற தூரத்தில் இருந்தால், பறிக்கவே மாட்டீர்கள். வாசற்படியில் ஆரம்பி என்பதுதான் பாடத்தின் சாரம்.

அடுத்தது தண்ணீர். மூன்று குச்சிகளை 'ஏ' வடிவில் கட்டி, நடுவே நூலில் ஒரு கல்லைத் தொங்கவிடுவார்கள். அவ்வளவுதான் கருவி. சரிவான நிலத்தில் அதை வைத்து ஒரே உயரமுள்ள புள்ளிகளைக் கண்டுபிடித்து, அந்தக் கோட்டில் பள்ளம் வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கரையாகப் போட வேண்டும். மழைநீர் ஓடாது, நிற்கும், இறங்கும். கரையில் மரம். இது மாலிசன் கண்டுபிடித்ததல்ல. ஏரியும் வரப்பும் தெரிந்த நம்மவர்களுக்குச் சிரிப்புகூட வரலாம். அவரும் உரிமை கொண்டாடவில்லை. பழங்குடிகளிடமிருந்தும் பழைய விவசாயிகளிடமிருந்தும் எடுத்து, வரிசையாக அடுக்கினார். அடுக்கியதுதான் அவர் சாமர்த்தியம்.

கடைசி நாட்களில் குழுவாகப் பிரிந்து, நிஜமான ஒரு நிலத்துக்கு வரைபடம் போட்டு எல்லோர் முன்னாலும் விளக்க வேண்டும். பரீட்சை அதுதான். பெரும்பாலும் யாரும் ஃபெயில் ஆவதில்லை. அந்த இடத்தில்தான் வில்லங்கம்.

பதினாலு நாள் படித்தவர், இன்னொருவருக்கு வாத்தியார் ஆகலாமா?

சங்கிலி நன்றாக வேலை செய்த இடங்கள் உண்டு. 1983-ல் மாலிசனிடம் படித்த ஜெஃப் லாட்டன், ஜோர்டானில் சாக்கடல் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்துக்குச் சுமார் 400 மீட்டர் கீழே, உப்பு பூத்த மண்ணில் அத்திமரம் வளர்த்துக் காட்டினார். சோவியத் உடைந்து எண்ணெய் நின்றுபோன கியூபாவுக்கு, 1993-ல் ஆஸ்திரேலியப் பயிற்சியாளர்கள் போய் ஹவானா மொட்டைமாடிகளில் காய்கறி போடச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இன்னொரு பக்கம், ஒரு தொட்டிச்செடிகூட வளர்க்காதவர்களும் போர்டு மாட்ட ஆரம்பித்தார்கள். மாலிசன் கடுப்பானார். 2000-ல் அமெரிக்காவில் அவருடைய நிறுவனம், பாடம் நடத்துவதற்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தும் உரிமை கேட்டு விண்ணப்பித்தது. மறுவருடமே கைவிட வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியாவில் கோர்ஸின் பெயருக்கே டிரேட்மார்க் கேட்டார். 2003-ல் அதுவும் வாபஸ். எல்லோருக்கும் கொடு என்று சொல்லிக் கொடுத்தவரே வேலி போட வந்தது, அவருடைய சீடர்கள் பலருக்கு ஜீரணமாகவில்லை. எனக்கென்னவோ அவர் பயம் நியாயம், வைத்தியம் தப்பு என்றே படுகிறது.

ஹோல்ம்கிரன்? அந்தப் பையன் மேடையைவிட்டு விலகி, முதலில் நிலத்தில் செய்து பார்க்கிறேன் என்று போய்விட்டார். விக்டோரியா மாநிலத்தில் ஹெப்பர்ன் என்ற ஊரில் வீடும் தோட்டமுமாக வாழ்ந்துகொண்டு, 2002-ல்தான் தன் பன்னிரண்டு விதிகளைப் புத்தகமாக்கினார். இன்று பல வகுப்புகளில் மாலிசனின் அத்தியாயங்களோடு இந்த விதிகளும் சேர்ந்தே நடக்கின்றன. மாலிசன் 2016 செப்டம்பரில் காலமானார்.

இந்தியாவுக்கு 1980களின் பிற்பகுதியிலேயே மாலிசன் வந்து வகுப்பு எடுத்திருக்கிறார். அந்தக் காலத்தில் இதில் இறங்கியவர் ஹைதராபாத்தின் நரசண்ணா கொப்புலா. மனைவி பத்மாவுடன் 1999-ல் 'அரண்யா' அமைப்பைத் தொடங்கினார். ஜாகீராபாத் பக்கம் அவர்களுடைய பண்ணையில் வகுப்புகள் நடத்தினார்கள். 2017-ல் இந்த இயக்கத்தின் உலக மாநாடு நடந்தது அவர்கள் முயற்சியில், தெலங்கானாவில்தான்.

ஆகவே, நீங்கள் போவதாக இருந்தால் பணம் கட்டுமுன் நாலு கேள்வி கேளுங்கள். வாத்தியார் யாரிடம் படித்தார்? அவருடைய நிலத்துக்கு எத்தனை வயசு? உங்கள் ஊர் மழையும் வெயிலும் உள்ள இடத்தில்தான் வகுப்பா? குளிர்நாட்டு ஆப்பிள் தோட்டத்தில் படித்துவிட்டு ராமநாதபுரத்தில் என்ன செய்வீர்கள்? 72 மணியில் எத்தனை மணி மண்ணில், எத்தனை மணி நாற்காலியில்? முடிந்தால் கோடையில், வகுப்பு நடக்காத ஒரு நாளில் சொல்லாமல் கொள்ளாமல் அந்தப் பண்ணைக்குப் போய்ப் பாருங்கள். முக்கியமாக, கிணற்றை எட்டிப் பாருங்கள்.