சபையில் சேராத ஜனாதிபதி

1865-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி, பெரிய வெள்ளிக்கிழமை இரவில் சுடப்பட்ட ஆபிரகாம் லிங்கன் மறுநாள் காலை உயிர் துறந்தார். அதற்கடுத்த நாள் ஈஸ்டர் பண்டிகையாதலால், வடபகுதித் தேவாலயங்களில் பிரசங்க பீடம் ஏறிய போதகர்கள் அவரை மோசேயோடும், சிலர் துணிந்து கிறிஸ்துவோடுமே ஒப்பிட்டுப் பேசினார்கள். 1866-இல் ஜோசையா ஹாலண்ட் எழுதிய ஜீவிய சரித்திரம் அவரை உத்தமக் கிறிஸ்தவ பக்தராகச் சித்திரித்தது. ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் லிங்கனோடு பல்லாண்டு கூட்டாக வக்கீல் தொழில் நடத்திய வில்லியம் ஹெர்ன்டனுக்கு இது பொறுக்கவில்லை. பழைய அண்டை வீட்டாரையும் நண்பர்களையும் தேடி அவர் திரட்டிய சாட்சியங்களைப் பயன்படுத்தி, வார்டு லேமன் என்ற மற்றொரு நண்பரின் பெயரில் 1872-இல் வெளிவந்த நூலோ லிங்கனை அவிசுவாசி என்றே தீர்ப்புக் கூறியது. இரு சாராரும் தாம் அறிந்ததையே சொன்னார்கள் என்று கொள்வதில் தடையில்லை. ஆனால் ஐம்பத்தாறு வயது வரை ஓயாது சிந்தித்து வந்த ஒருவரை ஏதேனும் ஓரிடத்தில் நிறுத்திவிட வேண்டுமென்று அவர்கள் கொண்ட ஆத்திரம், அவருடைய வாழ்வின் மிக அரிய பகுதியை இருவர் கண்ணுக்கும் மறைத்துவிட்டது என்பதே என் அபிப்பிராயம்.

பாப்டிஸ்ட் சபையைச் சார்ந்த பெற்றோருக்குப் பிறந்த லிங்கன், நியூ சேலம் என்ற சிற்றூரில் வாழ்ந்த இளமைப் பருவத்தில் தாமஸ் பெயின், வால்னி முதலியோரின் கண்டன நூல்களைப் படித்தார். வேதாகமத்தை மறுத்து அவர் எழுதிய கட்டுரை ஒன்றை, அவருக்குக் கெடுதி வராதிருக்க வேண்டி நண்பர் ஒருவர் பறித்து அடுப்பிலிட்டார் என்றும் ஹெர்ன்டன் எழுதுகிறார். அதை முழுவதும் நம்பாதவர்களும் உண்டு. ஐயத்திற்கு இடமில்லாத ஆதாரம் 1846-இல் கிடைக்கிறது. அவ்வாண்டு அமெரிக்கக் காங்கிரசுக்கு நின்ற லிங்கனை, எதிர்த்து நின்ற மெதடிஸ்ட் போதகர் பீட்டர் கார்ட்ரைட்டின் கட்சியார் மதத்துரோகி என்று தூற்றவே, அவர் ஒரு துண்டுப் பிரசுரத்தால் விடையளித்தார். தாம் எந்தக் கிறிஸ்தவ சபையிலும் அங்கத்தினர் அல்லர் என்பது உண்மை. வேதத்தின் சத்தியத்தை ஒருபோதும் மறுத்ததில்லை. மனித மனம் தன் வசமில்லாத ஏதோ ஒரு சக்தியால் உந்தப்பட்டே செயல்படுகிறது என்ற கொள்கையில் முன்பு சாய்வு இருந்தது. ஓரிருவரோடு அதைப் பற்றி வாதித்ததும் உண்டு. அவ்வாதத்தையும் ஐந்தாண்டுகளுக்கு முன்பே விட்டாயிற்று: இவ்வளவே அதன் சாரம். அக்கொள்கை பொய்யென்று தெளிந்ததாகவோ, கிறிஸ்துவை ஏற்றதாகவோ ஒரு வார்த்தை அதில் இல்லை. வாக்கு வேட்டையாடும் நேரத்தில், ஒரு வார்த்தையைச் சேர்த்திருந்தால் எவ்வளவோ லாபம் இருந்திருக்க, தம் மனம் ஒப்பியதற்கு மேல் ஒன்றையும் சேர்க்க மறுத்த அந்த நேர்மையை நாம் போற்ற வேண்டும். தேர்தலில் அவரே வென்றார்.

1850 பிப்ரவரியில் நான்கு வயது நிரம்பாத மகன் எட்டியையும், 1862 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையிலேயே பதினோரு வயது வில்லியையும் பறிகொடுத்தார். போதகர்களோடு பேசினார்; மனைவியோடு தேவாலயம் சென்று அமர்ந்தார்; சபையில் மட்டும் சேரவில்லை.

வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போரின் நடுவே, அந்த 1862-ஆம் ஆண்டின் செப்டம்பர் மாதத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். 13-ஆம் தேதி சிகாகோ நகரக் கிறிஸ்தவர்களின் தூதுக்குழு ஒன்று வந்து, அடிமைகளை உடனே விடுவிப்பதே தெய்வ சித்தம் என்று வற்புறுத்தியது. நேர் விரோதமான யோசனை கூறும் பக்திமான்களும் அதே உறுதியோடு தெய்வ சித்தத்தைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள் என்றும், தம் கடமையைப் பற்றிய ஒரு காரியத்தில் இறைவன் தன் திருவுள்ளத்தைப் பிறருக்கு அறிவிப்பானாயின் தமக்கே நேரில் அறிவித்திருக்கலாம் அல்லவா என்றும் லிங்கன் மறுமொழி கூறினார். நான்கு நாள் கழித்து, ஆன்டீட்டம் போர்க்களத்தில் ஒரே நாளில் இரு தரப்பிலுமாக ஏறத்தாழ 23,000 பேர் மாண்டும், காயமுற்றும், காணாமலும் போக, தென்படை பின்வாங்கியது. 22-ஆம் தேதி மந்திரி சபையைக் கூட்டிய லிங்கன், பகைவர் மேரிலாந்திலிருந்து விரட்டப்பட்டால் விடுதலைப் பிரகடனத்தை வெளியிடுவதாகத் தமக்குத்தாமே வாக்களித்துக்கொண்டதாகச் சொல்லி, சற்றே தயங்கி, தம்மைப் படைத்தவனுக்கும் வாக்களித்ததாகச் சொன்னார். அந்தத் தயக்கத்தையும் மந்திரி சேஸ் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தது நம் பாக்கியம். அந்த ஒரு தயக்கத்தில் லிங்கனின் சமய வாழ்வு முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

அவருடைய காரியதரிசி ஜான் ஹே பாதுகாத்த ஒரு காகிதமும் உண்டு. தேதியிடப்படாத அதனை 1862-ஐச் சேர்ந்ததென்று பலரும், 1864-ஐச் சேர்ந்ததென்று சிலரும் கூறுவர். போரிடும் இரு கட்சியும் ஆண்டவன் தம் பக்கம் என்கின்றன. இருவருமே தவறியிருக்கலாம், ஒருவராவது தவறியிருந்தே தீர வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரே சமயத்தில் சாதகமாகவும் பாதகமாகவும் இறைவன் இருத்தல் இயலாது. ஆகையால் இந்த யுத்தத்தில் அவனுடைய நோக்கம் இரு கட்சியின் நோக்கத்துக்கும் வேறானதாக இருக்கக்கூடும் என்று, ஒரு கணித நிரூபணத்தைப் போலத் தமக்காகவே எழுதிப் பார்த்திருக்கிறார். இளமையில் வேதத்தின்மேல் எழுந்த சந்தேகம், இப்போது இறைவனைத் தம் கட்சிக்கு உரிமையாக்கிக்கொள்ளும் மனிதரின் துணிச்சல்மேல் திரும்பிவிட்டது. தம் படைகளையே நடத்திக்கொண்டிருந்த ஒருவர் இவ்வாறு எண்ணியது சாமானியமன்று.

1865 மார்ச் 4-ஆம் தேதி, வெற்றி கைக்கெட்டிய வேளையில் இரண்டாம் முறை பதவியேற்ற லிங்கன், ஏறத்தாழ 700 சொற்களே கொண்ட உரையில் அந்த எண்ணத்தை ஜனங்கள் முன்னே வைத்தார். ஒரே வேதத்தை ஓதி ஒரே கடவுளைத் தொழுத இரு தரப்பின் பிரார்த்தனையும் முழுமையாக நிறைவேறவில்லை என்றார். அடிமைத்தனம் என்ற பாவத்தைத் தெற்கின் தலைமேல் மட்டும் சுமத்தாது தேசம் முழுவதற்கும் உரியதாக்கி, 250 ஆண்டுகள் கூலியின்றி வாங்கிய உழைப்புக்கு இந்த யுத்தமே தண்டனையாயின் அதுவும் நியாயமே என்றார். வஞ்சம் தீர்க்கும் வார்த்தையை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அது கிட்டவில்லை. அடிமையாய்ப் பிறந்து விடுதலை பெற்ற ஃபிரெடரிக் டக்ளஸோ அன்று மாலை வெள்ளை மாளிகையில் அவரைச் சந்தித்து, அது ஒரு புனித முயற்சி என்று பாராட்டினார்.

பதினொரு நாள் கழித்து, நியூயார்க் அரசியல் தலைவர் தர்லோ வீடுக்கு எழுதிய கடிதத்தில், அவ்வுரை நாளடைவில் மதிப்புப் பெறுமாயினும் உடனே ஜனங்களுக்குப் பிடிக்கும் என்று தாம் எண்ணவில்லை என்றார் லிங்கன். சர்வவல்லவனின் நோக்கமும் தங்கள் நோக்கமும் வேறுபட்டிருந்தன என்று சுட்டிக்காட்டப்படுவதை எவரும் விரும்புவதில்லை என்றும், ஆயினும் அதை மறுப்பது உலகை ஆளும் கடவுள் ஒருவன் உண்டு என்பதையே மறுப்பதாகும் என்றும், யாரேனும் சொல்லித் தீரவேண்டிய அந்த உண்மையில் அடங்கிய தாழ்வு பெரிதும் தம்மேலேயே விழுவதால் தாமே அதைச் சொல்லத் துணிந்ததாகவும் அதில் எழுதினார்.