எந்த கம்பெனி ஏசி வாங்கலாம்? கேள்விக்குள் இருக்கும் வரலாறு

சித்திரை பிறந்துவிட்டால் போதும். சேதராப்பட்டில் எதிர்ப்படுபவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், எந்த கம்பெனி ஏசி வாங்கலாம்?" தொழிற்பேட்டையில் மின் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் ஒரு பெயர் தயாராக இருக்கும் என்று நினைக்கிறார்கள். நான் பெயர் சொல்வதில்லை. அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் பழைய கதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஏசி கடையில் "ஒரு டன்னா, ஒன்றரை டன்னா?" என்று கேட்கிறார்களே, அந்த டன் எங்கிருந்து வந்தது? அது ஐஸ்கட்டியின் கணக்கு. 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் இயந்திரம்தான் ஒரு டன் ஏசி. மணிக்கு 12,000 பி.டி.யு. என்று எழுதியிருப்பதும் இதே கணக்குதான்.

அந்த ஐஸ் நம் பக்கத்துக்கே கப்பலில் வந்திருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர வியாபாரி ஃபிரடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறையும் ஏரிகளில் ஐஸை வெட்டி, மரத்தூளில் பொதிந்து 1833-ல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணம். பாதிக்கு மேல் உருகாமல் வந்து சேர்ந்தது. சென்னையில் அதைச் சேமிக்க 1842-ல் கட்டிய கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் செய்யும் வசதி வந்ததும் கப்பல் ஐஸ் வியாபாரம் படுத்துவிட்டது.

சாதாரண ஜனங்களுக்கு அந்த ஐஸ் எட்டவில்லை. நம் புதுச்சேரியில் வீடுதான் குளிர்ச்சி தந்தது. தமிழர் வீதிகளில் திண்ணை, தாழ்வாரம், முற்றம். வெள்ளையர் பகுதியில் கனத்த சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை, மரச் சட்டம் போட்ட சன்னல். சூடான காற்று மேலே போய்விடும், ஆள் கீழே இருப்பார். கான்கிரீட் தளமும் தாழ்ந்த கூரையும் வந்த பிறகுதான், பகல் முழுக்கச் சூட்டைக் குடித்த மொட்டை மாடி இரவெல்லாம் நம் தலைமேல் கக்க ஆரம்பித்தது.

1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் நவீன ஏசியை வடிவமைத்தார். மனிதர்கள் வியர்ப்பது அங்கே பிரச்சினையல்ல. காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கியது, பல வண்ண அச்சு ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழவில்லை. எங்கள் தொழிற்சாலையிலும் முதல் ஏசி வந்தது கண்ட்ரோல் பேனல் அறைக்குத்தான். மனிதர்களுக்கு அப்புறம்தான். ஆக, ஏசி பிறந்ததே ஈரத்தை அடக்க. கடற்கரை ஊர்க்காரர்களான நமக்கு இது முக்கியம். நம்மைப் படுத்துவதில் பாதி வெயில், பாதி புழுக்கம்.

இந்தியாவில் 1943-ல் மோகன் டி. அத்வானி புளூ ஸ்டார் நிறுவனத்தைத் தொடங்கினார். பழைய ஏசிகளையும் குளிர்பெட்டிகளையும் புதுப்பிப்பதுதான் ஆரம்பத் தொழில். டாடாவும் சுவிட்சர்லாந்தின் வோல்கார்ட் சகோதரர்கள் நிறுவனமும் சேர்ந்து 1954 செப்டம்பரில் வோல்டாஸைத் தொடங்கின. வோல்கார்டில் பாதி, டாடாவில் பாதி, அதுதான் பெயர். அதே ஆண்டு நவம்பர் 1-ல் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவிடம் வந்தது. நம் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் வைக்க எளிது.

அந்தக் காலத்தில் ஏசி என்றால் சினிமா தியேட்டர், பெரிய வங்கி, பெரிய டாக்டரின் அறை. வீட்டில் ஏசி வைத்தவரை ஊரே பேசும். சன்னலில் உறுமும் பெட்டி, பக்கத்தில் ஸ்டெபிலைசர். சந்தையில் இருந்த பெயர்கள் சொற்பம். எந்தப் பெட்டி எவ்வளவு கரண்டு குடிக்கும் என்று வாங்குபவருக்குத் தெரிய வழியே இல்லை. அளந்து பார்க்க முடியாத பொருளைப் பெயரை நம்பித்தான் வாங்க முடியும். அன்று "எந்த கம்பெனி?" என்ற கேள்வி நியாயமானது.

1991-க்குப் பிறகு கதவு திறந்தது. 1995-ல் சாம்சங் வந்தது, 1997-ல் எல்ஜி வந்தது, ஜப்பானிய நிறுவனங்களும் வேரூன்றின. சன்னல் பெட்டி போய் ஸ்பிளிட் வந்தது. பெயர்கள் பெருகின. பெட்டியைத் திறந்து பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு வேறொன்றும் தெரிய வந்தது. வெளியே வேறு வேறு பெயர், உள்ளே பல சமயம் ஒரே கம்பெனியின் கம்ப்ரசர். ஜி.எம்.சி.சி., ஹைலி போன்ற கம்ப்ரசர்களைப் பல பிராண்டுகளிலும் பார்க்கலாம். ஆம்பர் என்ற இந்திய நிறுவனம் பல பிராண்டுகளுக்கு ஏசி செய்து கொடுக்கிறது. வாங்குபவர் இந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்.

உண்மையான திருப்பம் சட்டத்தால் வந்தது. 2001-ல் எரிசக்தி சிக்கனச் சட்டம், 2002-ல் எரிசக்தி திறன் அமைப்பு (பி.இ.இ.), 2006-ல் நட்சத்திர லேபிள். 2010 முதல் ஏசிக்கு அந்த லேபிள் கட்டாயம். 2018 முதல் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண். வெளி வெப்பம் 24-லிருந்து 43 டிகிரி வரை மாறும் நம் நாட்டுத் தட்பவெப்பத்தில், ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடினால் எவ்வளவு குளிர்ச்சிக்கு எவ்வளவு கரண்டு என்ற கணக்கு அது. எண் கூடினால் பில் குறையும். தரத்தையும் அவ்வப்போது இறுக்குகிறார்கள். 2018-ல் 4.5 எடுத்த ஏசி 5 ஸ்டார். 2022 ஜூலையில் 5 ஸ்டாருக்கு 5.0 வேண்டும் என்று ஆனது, அதே 4.5 ஏசி அப்போது 4 ஸ்டாராகிவிட்டது. எனவே நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள். லேபிள் எந்த ஆண்டுக்குரியது, ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

இதில் பென்ஷன்காரர்களுக்கு என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. பிள்ளைகள் ஆசையாக ஏசி வாங்கி மாட்டிவிட்டு வெளியூர் போய்விடுகிறார்கள். பில்லுக்குப் பயந்து அதைத் துணி போட்டு மூடி வைத்திருக்கும் பெரியவர்களை நான் எத்தனையோ வீட்டில் பார்க்கிறேன். அக்னி நட்சத்திர இரவில் தூக்கமில்லாமல் கிடப்பது நம் வயதில் இதயத்துக்கும் ஆகாது, ரத்த அழுத்தத்துக்கும் ஆகாது. ஓட்ட முடியாத ஏசி சுவர் அலங்காரம்தான்.

அதனால் நான் சொல்லும் வரிசை இது. முதலில் அறை. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்தால் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெள்ளை ஓடோ போட்டுவிட்டு, அப்புறம் டன்னை முடிவு செய்யுங்கள். தேவைக்கு மேல் பெரிய ஏசி சீக்கிரம் குளிர வைத்துவிட்டு நின்றுவிடும், ஈரம் அறையிலேயே தங்கும். இரண்டாவது, லேபிளில் உள்ள ஆண்டு யூனிட். இரண்டு ஏசிகளுக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் யூனிட் கட்டணத்தால் பெருக்குங்கள். நம்மூரில் சாலையின் இந்தப் பக்கம் புதுச்சேரி மின்துறை, சற்று தள்ளினால் தமிழ்நாடு மின்வாரியம், இரண்டு கட்டணமும் ஒன்றல்ல. மூன்றாவது, மாட்டுகிற ஆள். குழாயில் காற்றை முழுதாக உறிஞ்சி எடுக்காமல் கேஸ் திறந்துவிட்டால் எந்தப் பெரிய பெயரும் இரண்டு கோடை தாங்காது. கடலோரம் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கம் இருப்பவர்கள் உப்புக் காற்றைத் தாங்கும் பூச்சுள்ள செம்புக் காயில் கேளுங்கள். வடக்கே விற்கும் சூடும் குளிரும் தரும் ஏசி நமக்கு வீண் செலவு.

கம்பெனி பெயர் நான்காவது. அதிலும் நான் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: மே மாதத்தில் கூப்பிட்டால் சேதராப்பட்டு வரை எத்தனை நாளில் ஆள் வரும்? கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்பிவிடாமல், அந்த ஏசி வைத்திருக்கும் அக்கம்பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வாங்குங்கள். வாங்கிய பிறகு 26 டிகிரியில் வைத்து, மேலே ஃபேனையும் மெதுவாக ஓட விடுங்கள்.