பெங்களூரின் லயமும் மியூனிக்கின் இசைத்தட்டும்

பாடுவோர்க்கு இசை உயிர். இசைத்தட்டு விற்போர்க்கு அது சரக்கு. பாடுவோரும் விற்போரும் ஒருவரே ஆயின் என்ன விளையும்? இவ்வினாவிற்கு விடை கூறும் வரலாறொன்று ஜெர்மனியில் உண்டு. நாம் குடியேறி வாழும் பெங்களூருக்கும் அவ்வரலாற்றில் பங்குண்டு என்பதால், இம்மலரில் அதனைக் கூற விழைகின்றோம்.

மன்ஃப்ரெட் ஐக்கர் என்பார் டபுள்பாஸ் என்னும் பெரிய தந்திக் கருவியை வாசித்தவர். 1969ஆம் ஆண்டில், கார்ல் எக்கர் என்னும் வணிகரின் பொருளுதவியோடு மியூனிக் நகரில் ஈ.சி.எம். என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் பெரிதும் நாடியது ஜாஸ் இசை. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த அவ்விசைக்கு, நம் கச்சேரிகளைப் போலவே மனோதர்மம் உயிர்நாடி. மால் வால்ட்ரன் என்னும் பியானோக் கலைஞரின் முதல் தட்டு, தொடக்கத்தில் 500 படிகளே அச்சாயிற்று. 1975இல் கோல்ன் நகரில் கீத் ஜாரெட் தனித்து வாசித்த கச்சேரியோ, 35 இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. ஆயினும், குறைவாக விற்கக்கூடிய இசைக்கும் அந்நிறுவனம் இடமளித்தே வந்தது.

இனி நம் நகருக்கு வருவோம். மிருதங்க வித்துவான் டி.ஏ.எஸ். மணி 1964இல் இங்கே கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரியை நிறுவினார். பாட்டுக்குப் பக்கத்துணை என்றே எண்ணப்பட்ட தாளக்கருவிகளை, தனித்து மேடையேறத்தக்க கலையாக வளர்த்தார். அவர்தம் துணைவியார் ஆர்.ஏ. ராமாமணி சிறந்த பாடகி.

இக்குழுவினரோடு இணைந்தவர் சார்லி மரியானோ. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1923இல் பிறந்த இந்த சாக்ஸஃபோன் கலைஞர், நம் நாகசுரத்தின்பால் ஈடுபாடு கொண்டு, 1970களில் தென்னாட்டுக்கே வந்து அதனைப் பயின்றவர்.

1983 பிப்ரவரியில் ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க் நகரில் இவர்கள் கூடி இசைத்ததை, ஈ.சி.எம். நிறுவனம் ‘ஜோதி’ என்னும் தட்டாக வெளியிட்டது. ராமாமணியின் குரல், மணியின் மிருதங்கம், ஆர்.ஏ. ராஜகோபாலின் கடம், டி.என். சசிகுமாரின் கஞ்சிரா ஆகியவற்றோடு மரியானோவின் சாக்ஸஃபோனும் குழலும் சேர்ந்தன. மேனாட்டுக் காதுக்கு இதமாகட்டும் என்று பியானோவோ, மேனாட்டு டிரம்மோ சேர்க்கப்படவில்லை. நம் லயம் அங்கே ஊறுகாயாகத் தொட்டுக்கொள்ளப்படவில்லை; இலையில் இட்ட சோறாகவே இருந்தது. தாமே இசைவாணராகிய ஒருவர் நடத்திய நிறுவனம் என்பதே அதற்குக் காரணம் எனக் கருதுகின்றோம்.

மரியானோ 2009இலும், மணி 2020இலும் மறைந்தனர். அவர்கள் விரலும் மூச்சும் அத்தட்டில் வாழ்கின்றன.

அன்பர்களே! நம் குடியிருப்பில் தாலாட்டும் நலுங்குப் பாட்டும் அறிந்த பாட்டிமார் உளர். மாலைதோறும் மிருதங்கம் பயிலும் சிறுவரும் உளர். இன்று ஒலிப்பதிவுக் கருவி ஒவ்வொருவர் கைப்பேசியிலும் உள்ளது. 500 படிகளில் தொடங்கியோர் உலகை எட்டினர். நாம் ஒரே ஒரு பதிவிலேனும் தொடங்கலாகாதா? அடுத்த ஆண்டு விழாவிற்குள் இல்லந்தோறும் ஒரு குரலையேனும் பதிந்து காப்போமாக!