கொக்கு, பன்றி, குழந்தை

ஸ்ரீரங்கத்தைத் தாண்டினால் வயல், தண்ணீர், கொக்கு. திருச்சிக்காரர்கள் எங்களுக்கு அது வெறும் அழகு. ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் வரலாற்றைப் படித்தபின் அந்தக் காட்சியையே வேறுவிதமாகப் பார்க்கிறேன்.

1952இல் எடுத்த ரத்த மாதிரிகளில், நாக்பூர் பக்கமும் நம்ம செங்கல்பட்டு மாவட்டத்திலும் இந்த வைரஸின் தடயம் தெரிந்தது. நோயாளிகள் அடையாளம் காணப்பட்டது 1955இல், வேலூரில். தடயம் முதலில், நோயாளி பிறகு.

வைரஸின் வீடு கொக்கும் நாரையும். பன்றிக்குள் அது பெருகும். பன்றிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நெல்வயல் தண்ணீரில் வளரும் கியூலெக்ஸ் கொசு அதை மனிதருக்குக் கொண்டுவரும். நம்மோடு அதன் பயணம் முடிந்துவிடும். நம்மிடமிருந்து கொசுவுக்குத் திரும்பாது. ஆனால் உயிர் பிழைக்கும் குழந்தைகள் பலருக்கு மூளைப் பாதிப்பு ஆயுளுக்கும் தங்கிவிடும்.

அப்படின்னா ஆஸ்பத்திரிக் கணக்கு மட்டும் போதுமா? வலிப்போடு வரும் குழந்தை சங்கிலியின் கடைசிக் கண்ணி. இந்தியாவில் 2006இல் தொடங்கிய தடுப்பூசித் திட்டம் குழந்தையைக் காக்கும். கொக்கிலும் பன்றியிலும் சுற்றும் வைரஸை அது தொடாது. அதைக் கவனிக்க மாட்டு டாக்டரும் கொசு பிடிப்பவரும் குழந்தை டாக்டரும் ஒரே நோட்டில் எழுத வேண்டும். தனித்தனி நோட்டில் எழுதினால், முதல் செய்தி குழந்தையின் உடம்பிலிருந்துதான் வரும்.