மூப்பினால் வரும் செவிப்புலன் குறைவு: முதலில் உணர வேண்டியவர்கள் வீட்டாரே

முதியவர் ஒருவருக்குச் செவிப்புலன் குறைந்து வருகின்றது என்பதைப் பெரும்பாலும் அவரே முதலில் அறிந்துகொள்வதில்லை. பார்வை மங்கினால் பத்திரிகையின் எழுத்து உடனே காட்டிக்கொடுத்துவிடும். செவியின் மந்தமோ ஆண்டுக்கணக்கில் மெதுவாக வருவதால், மற்றவர்கள் வாய்க்குள் முணுமுணுக்கின்றார்கள் என்றே அவருக்குத் தோன்றுகின்றது. வீட்டாரோ, அவர் கவனமின்றி இருக்கின்றார் என்றும், சில வேளைகளில் வேண்டுமென்றே கேளாதவர் போல் இருக்கின்றார் என்றும் கருதுகின்றனர். இவ்விரு தவறான எண்ணங்களுக்கும் இடையில் பல ஆண்டுகள் வீணே கழிந்துவிடுகின்றன.

உட்செவியில் நத்தை ஓட்டைப் போன்று சுருண்ட உறுப்பொன்று உண்டு. அதனுள் இருக்கும் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்களே ஒலியதிர்வை நரம்புக்குரிய சைகைகளாக மாற்றுகின்றன. மனிதரில் இக்கலங்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. உயர்ந்த சுருதியை உணரும் கலங்களே வழமையாக முதலில் பாதிக்கப்படுகின்றன. பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் வலுவாகவும், வல்லின மெய்கள் உயர்ந்த சுருதியில் மெலிதாகவும் ஒலிப்பவை. ஆதலால் 'கடை', 'சடை', 'தடை', 'படை' என்னும் நான்கு சொற்களும் முதியவரின் செவியில் ஏறக்குறைய ஒன்றாகவே விழுகின்றன. "சத்தம் கேட்கின்றது, சொல்வதுதான் விளங்கவில்லை" என்று அவர்கள் கூறுவதன் பொருள் இதுவே.

தொலைக்காட்சியின் ஒலி நாளுக்கு நாள் கூடுவதும், தொலைபேசியில் பேரப்பிள்ளைகளின் மெல்லிய குரல் பிடிபடாமற் போவதும், கலியாண வீட்டு இரைச்சலில் ஒதுங்கி அமர்வதும் ஆரம்ப அறிகுறிகளாகும். பேசுபவரின் வாயசைவைப் பார்த்தே பலர் சமாளித்து வருகின்றனர். 2020 இல் கொவிட் தொற்றினால் எல்லோரும் முகக்கவசம் அணிய நேர்ந்தபோது, தமக்குக் குறைபாடு இருப்பதைப் பலர் முதன்முறையாக உணர்ந்ததும் இதனாலேயே.

கேளாமலே தலையசைப்பதுதான் எம்மை மிகவும் கவலைகொள்ளச் செய்கின்றது. காலையில் அரைக் குளிசையா, இரவில் ஒன்றா என்று வைத்தியர் சொல்வது விளங்காமலே "சரி ஐயா" என்று எழுந்து வருபவர், வீட்டில் அதைத் தமக்குத் தோன்றியபடி விழுங்குவார். நீரிழிவு, இருதய நோய்க்கான மருந்துகளில் இது சிறிய பிழையன்று.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணிப்பின்படி 60 வயதைக் கடந்தோரில் காற்பங்கினருக்கு மேல் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் செவிப்புலன் குறைபாடு உள்ளது. மூப்போடு பரம்பரையும் புகைத்தலும் நீரிழிவும், ஜென்ரமைசின் போன்ற சில மருந்துகளும் இதில் பங்குகொள்கின்றன. பேரிரைச்சலின் பங்கும் பெரிது. அரிசி ஆலையில் உழைத்தவர்கள், இயந்திரப் படகில் கடலுக்குச் சென்றவர்கள், தவில் வாசித்தவர்கள், ஷெல் வெடிப்புகளின் நடுவே வாழ்ந்தவர்கள் ஆகியோரின் செவிகள் வயதுக்கு முன்பே தேய்ந்திருக்கலாம்.

செவிப்புலன் குறைவுக்கும் மறதி நோய்க்கும் தொடர்பு உண்டென்பது இப்போது பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. 2024 இல் வெளியான லான்செட் ஆணைக்குழுவின் அறிக்கை, தவிர்க்கக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளில் ஒன்றாக இதனைக் குறிப்பிட்டது. ஆயினும் கருவி அணிந்தால் மறதி வராது என்று விளம்பரம் செய்வோரை நம்பிவிடலாகாது. 2023 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பங்குபற்றிய அனைவரையும் சேர்த்து நோக்கியபோது மூன்று ஆண்டுகளில் தெளிவான பயன் காணப்படவில்லை. ஏற்கனவே ஆபத்துக் கூடியிருந்த முதியோரிடத்திலேயே நன்மை புலப்பட்டது.

சிகிச்சையில் முதற்படி மிக எளியது. காதில் இறுகிய அழுக்கும் கேளாமைக்குக் காரணமாகலாம். அதை வைத்தியசாலையில் அகற்றிவிடலாம். கோழியிறகு, கொண்டை ஊசி, காய்ச்சிய எண்ணெய் ஆகியவற்றைத் தயவுசெய்து கைவிடுங்கள். அடுத்து, காது மூக்கு தொண்டை வைத்திய நிபுணரின் ஆலோசனையுடன் செவிப்புலன் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இது வலியற்றது. எந்தச் சுருதியில் எத்தனை டெசிபல் குறைவு என்பதை அது வரைபடமாகக் காட்டும். கேட்டற் கருவி அவ்வரைபடத்துக்கு ஏற்பவே சீராக்கப்பட வேண்டும். பரிசோதனையின்றிக் கடையில் வாங்கும் மலிவான கருவி எல்லா ஒலிகளையும் ஒன்றாகப் பெருக்கிவிடுவதால், அணிந்தவர் இரண்டாம் நாளே அதை அலுமாரியில் வைத்துவிடுவார்.

நல்ல கருவியும் முதல் வாரங்களில் தொல்லை தருவதே. பல ஆண்டுகள் கேளாதிருந்த பாத்திர ஓசையும் மின்விசிறியின் இரைச்சலும் திடீரென உள்ளே நுழையும்போது மூளை அவற்றுக்குப் பழகச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் செல்லும். நாளுக்கு ஓரிரு மணித்தியாலம், அமைதியான அறையில் ஒருவருடன் உரையாடித் தொடங்குவது நன்று. மூக்குக் கண்ணாடியை அணிய எவரும் நாணுவதில்லை. காதுக் கருவிக்கு மட்டும் ஏன் இந்தக் கூச்சம் என்பது எமக்கு விளங்கவில்லை.

வீட்டாரும் பழக வேண்டும். கத்துவதால் பயனில்லை, பாதிக்கப்பட்ட செவிக்கு உரத்த ஒலி வேதனையாகவும் குழப்பமாகவும் இருக்கும். வானொலியை நிறுத்திவிட்டு, வெளிச்சத்தில் முகம் பார்த்து, சற்று நிதானமாகப் பேசுங்கள். விளங்காவிடின் அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லாது வேறு சொற்களில் கூறுங்கள். "ஒன்றுமில்லை, விடுங்கள் அப்பா" என்ற பதிலை இயன்றவரை தவிர்த்துவிடுங்கள். மருந்துக் குறிப்பைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் மூப்பென்று எண்ணிப் பொறுத்திருக்கலாகாது. ஒரு காது திடீரெனச் சில மணித்தியாலங்களிலோ ஓரிரு நாட்களிலோ கேளாமற் போனால், அது அவசர நிலை. முதல் சில நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கினாலே மீளும் வாய்ப்புக் கூடுதல் என்பதால், மாதாந்த கிளினிக் நாள் வரும்வரை காத்திராது அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.