வாஷிங்டன் பதவியேற்புப் பொத்தான்கள்

சாசனங்களையும் உடன்படிக்கைகளையுமே வரலாற்றுச் சான்றெனக் கொள்வோர், உடையிலிருந்து கழன்று விழும் பொத்தானைப் பொருட்படுத்தார். ஆயினும் பழைய அரசியற் பொத்தான்களைத் தேடித் திரட்டுவோர் அமெரிக்காவிற் பலர் உளர். அவற்றைக் குடியேற்றக் காலத்தவை எனச் சிலர் வழங்குதல் பொருந்தாது. பிரித்தானிய ஆட்சியை அந்நாட்டார் 1776இலேயே துறந்தனர். பெரிதும் நாடப்படும் பொத்தான்களோ 1789இல், ஜோர்ஜ் வாஷிங்டன் முதற் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றதையொட்டி எழுந்தவை.

இவை பித்தளையாலும் செம்பாலும் ஆன வட்டத் தகடுகள். பின்புறத்தே தைப்பதற்கு வளையம் உண்டு. மேலங்கிக்குப் பெரியனவும் முழங்காற் சட்டைக்குச் சிறியனவுமாகச் செய்யப்பட்டன. ஊசியாற் குத்தி அணியும் தேர்தற் சின்னம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே பரவியது. பிற்காலத்துப் போலிகளும் பல உள்ளமையால், திரட்டுவோர் முகப்பினும் பின்புறத்தையே கூர்ந்து நோக்குவர்.

எனினும் முகப்பிலுள்ள எழுத்துக்களே வரலாற்று மாணவன் ஆராயத்தக்கவை. 'தலைவர் நீடு வாழ்க' என்கிறது ஒருவகைப் பொத்தான். 1789 ஏப்பிரல் 30இல் நியூயோர்க்கில் வாஷிங்டன் உறுதிமொழி எடுத்ததும், அதனைச் செய்வித்த றொபேட் லிவிங்ஸ்ரன் எழுப்பிய வாழ்த்தும் இத்தகையதே. மன்னனுக்குரிய வாழ்த்து! முடியைத் துறந்தவர்க்கும் வேறு சொல் உடனே வாய்க்கவில்லை போலும். 

இன்னொருவகை, '1789 மார்ச்சு 4' என்னும் நாளை மறக்கவொண்ணாததெனப் போற்றுகின்றது. புதிய ஆட்சி தொடங்குதற்குக் குறித்த நாள் அது. ஆனால், அன்று கூடிய இரு சபைகளிலும் போதிய உறுப்பினர் இருக்கவில்லை. ஏப்பிரல் 6ஆந் திகதியே அக்குறை நீங்கி, தலைவர் தேர்தல் வாக்குகள் எண்ணப்பட்டன.

இவற்றினும் கருதத்தக்கது சங்கிலி பொறித்த பொத்தான். நடுவே வாஷிங்டன் பெயரின் முதலெழுத்துக்கள். சுற்றிலும் 13 கண்ணிகள். கண்ணி ஒவ்வொன்றிலும் ஒரு மாநிலத்தின் குறியெழுத்து. ஒன்றேனும் விடுபடவில்லை. பதவியேற்பு நாளிலோ அரசியலமைப்பை ஏற்றிருந்த மாநிலங்கள் 11 மட்டுமே. பொத்தான் செய்தவர் உள்ளதைப் பொறித்தாரல்லர். ஆகவேண்டுமென விழைந்ததையே பொறித்தார். வட கரோலினா 1789 நவம்பரில் இணைந்தது. றோட் ஐலண்ட் 1790 மே 29 வரை இணங்கவில்லை. அன்றும் ஆதரித்தவர் 34 பேர், எதிர்த்தவர் 32 பேர்.