பக்கத்தில் ஒரு நாற்காலி

1986-ம் வருடம். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் யூஜீன் என்றொரு ஊர். மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, சேக்ரட் ஹார்ட் ஆஸ்பத்திரியில் சாண்ட்ரா க்ளார்க் என்ற நர்ஸுக்கு நைட் டியூட்டி. அவர் பொறுப்பில் ஏழு நோயாளிகள். அதில் ஒருவர் வயதானவர். உடம்பு வெளிறிப்போய், நடுங்கிக்கொண்டு, இதோ அதோ என்று இருக்கிறார். இனி உயிரை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சை எதுவும் வேண்டாம் என்று அவருடைய கேஸ் ஷீட்டிலேயே எழுதியாயிற்று.

முதல் ரவுண்டு போனபோது, காதில் விழுந்தும் விழாத குரலில் அந்தப் பெரியவர் ஒன்று கேட்டார். என்கூட இருக்கிறாயா?

இருக்கிறேன், மற்றவர்களைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றார் க்ளார்க். பொய் சொல்லவில்லை. நிஜமாகவே வருவதாகத்தான் இருந்தார். ஆனால் மீதி ஆறு பேருக்கு மாத்திரை கொடுக்க வேண்டும், நாடி பார்க்க வேண்டும், பாத்ரூமுக்குக் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும். எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பி வந்தால், பெரியவர் போய்விட்டிருந்தார். தனியாக.

மருத்துவக் கணக்கில் அங்கே தப்பு எதுவுமே நடக்கவில்லை. யாரும் யாரையும் கேள்வி கேட்கப்போவதில்லை. ஆனால் க்ளார்க்குக்கு அந்த ராத்திரி மறக்கவில்லை. ஒரு வருடம், இரண்டு வருடமல்ல. பதினைந்து வருடம் மனசில் வைத்துக்கொண்டே இருந்தார். 2001-ல் அதே ஆஸ்பத்திரியில் ஒரு திட்டம் ஆரம்பித்தார். பெயரே விஷயத்தைச் சொல்லிவிடும்: 'யாரும் தனியாகச் சாகக் கூடாது.' சொந்தபந்தம் இல்லாத, அல்லது வந்து சேர முடியாத நோயாளிகளின் படுக்கைக்குப் பக்கத்தில் தன்னார்வலர்கள் முறை போட்டு உட்கார வேண்டும். டாக்டர் வேலை இல்லை. நர்ஸ் வேலை இல்லை. உட்காரும் வேலை.

இதற்கெல்லாமா ஒரு திட்டம் என்று தோன்றலாம். இன்றைக்கு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இதற்கென்றே பயிற்சி வகுப்பு இருக்கிறது, சர்டிஃபிகேட் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. டெத் டூலா. சாகப்போகிறவருக்கும் அவர் குடும்பத்துக்கும் கடைசி வரை துணை இருப்பவர். பிரசவத்துக்கு ஒருவர் கூட இருப்பதுபோல மரணத்துக்கும் ஒருவர்.

எங்கிருந்து வந்தது இது?

*

ரொம்பப் பின்னாலிருந்தே வரலாம். பதினான்காம் நூற்றாண்டில் பிளேக் ஐரோப்பாவைச் சூறையாடியபோது, சாகிறவர்களுக்குப் பக்கத்தில் நின்று பிரார்த்தனை சொல்ல வேண்டிய பாதிரியார்களும் கூட்டம் கூட்டமாகச் செத்துப்போனார்கள். அப்புறம் யார் நிற்பது? பக்கத்து வீட்டுக்காரரும் பெண்டாட்டி பிள்ளையும்தான். அவர்களுக்கு என்ன தெரியும்? 1415-ம் வருடத்தை ஒட்டி லத்தீனில் ஒரு கையேடு வந்தது. 'ஆர்ஸ் மோரியெண்டி'. சாகும் கலை என்று அர்த்தம். சாகிறவரிடம் என்ன கேட்க வேண்டும், என்ன சொல்லக் கூடாது, சுற்றி நிற்பவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக மரக்கட்டை அச்சில் பதினோரு படங்களோடு ஒரு சுருக்கப் பதிப்பும் வந்தது. இந்தத் துறைக்கு முதல் பாடப்புத்தகம் என்று அதைச் சொன்னால் தப்பில்லை.

இருபதாம் நூற்றாண்டில் மரணம் வீட்டைவிட்டு ஆஸ்பத்திரிக்குக் குடிபோனது. அங்கே குணப்படுத்துவதுதான் வேலை. குணமாகாது என்று தெரிந்த நோயாளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று டாக்டர்களுக்கே தெரியவில்லை. ரவுண்ட்ஸ் வரும்போது அந்தப் படுக்கையைச் சீக்கிரமாகத் தாண்டிப் போனார்கள்.

லண்டனில் ஒரு பெண் அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றார். சிசிலி சாண்டர்ஸ். 1918-ல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தவர், யுத்தம் வந்ததும் நர்ஸாகப் போனார். முதுகுவலி அந்த வேலைக்கு வேட்டு வைத்தது. சரியென்று ஆஸ்பத்திரியிலேயே சமூகப் பணியாளர் ஆனார். அப்போது ஒரு நோயாளியைச் சந்தித்தார். டேவிட் டாஸ்மா. வார்ஸாவிலிருந்து வந்த போலந்து யூதர். வயது நாற்பது. புற்றுநோய். லண்டனில் அவருக்கென்று யாருமே இல்லை. சாண்டர்ஸ் போய்ப் போய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். இருவரும் பேசியதெல்லாம் ஒரே விஷயம்தான். இப்படிப்பட்டவர்களுக்கென்று ஓர் இடம் இருந்தால் எப்படி இருக்கும்?

1948 பிப்ரவரியில் டாஸ்மா இறந்தார். சாண்டர்ஸுக்கு 500 பவுண்ட் எழுதிவைத்திருந்தார். நீ கட்டப்போகும் வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று சொல்லியிருந்தாராம்.

500 பவுண்டில் ஜன்னல் வைக்கலாம். வீட்டுக்கு? சாண்டர்ஸோடு வேலை பார்த்த அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர், நீ டாக்டராகு, இல்லாவிட்டால் யாரும் நீ சொல்வதைக் கேட்க மாட்டார்கள் என்று யோசனை சொன்னார். முப்பத்து மூன்று வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார் சாண்டர்ஸ். 1957-ல் டாக்டர். வலி வந்து நோயாளி அலறிய பிறகு மருந்து கொடுக்காதீர்கள், வலி தலைதூக்குவதற்கு முன்பே நேரம் தவறாமல் கொடுங்கள் என்பது அவர் நடைமுறைக்குக் கொண்டுவந்த முக்கியமான விஷயம். கேட்டால் சாதாரணமாக இருக்கிறது. அன்றைக்கு அது பெரிய புரட்சி. அதைவிடப் பெரியது அவர் வலிக்குக் கொடுத்த விளக்கம். உடம்பின் வலி ஒரு பங்குதான். வாங்கிய கடன், கல்யாணமாகாத பெண், பேசாமல் விட்ட தம்பி, கடவுளோடு தீராத வழக்கு... எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு மனிதனின் வலி. 'முழு வலி' என்றார்.

1967-ல் தெற்கு லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் திறக்கப்பட்டது. டாஸ்மா பணம் கொடுத்துப் பத்தொன்பது வருடம் கழித்து. ஜன்னலும் இருந்தது. 2005-ல் சாண்டர்ஸ் இறந்ததும் அதே ஹாஸ்பிஸில்தான்.

*

1963-ல் சாண்டர்ஸ் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் அங்கே நர்ஸிங் கல்லூரியின் தலைவர், ஃப்ளாரன்ஸ் வால்ட். பேச்சு அவரைப் பிடித்துக்கொண்டது. பதவியை விட்டார். 1974-ல் கனெக்டிகட் மாநிலத்தில் அமெரிக்காவின் முதல் ஹாஸ்பிஸ் உருவானதற்கு அவர்தான் முக்கியக் காரணம். பின்னாளில் ஜெயில்களுக்குப் போய், சாகக் கிடக்கும் கைதிகளைப் பார்த்துக்கொள்ள மற்ற கைதிகளுக்கே பயிற்சி கொடுக்கவும் முனைந்தார்.

1983-ல் அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர், ஹாஸ்பிஸுக்கும் பணம் கொடுக்க ஆரம்பித்தது. ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்தால் போதும். நான் பி.காம். எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் கண் முதலில் விதிமுறைக்குத்தான் போகும். இதில் ஒரு விதி சுவாரசியமானது. சம்பளம் வாங்குபவர்கள் நோயாளிகளுக்காகச் செலவிடும் மொத்த நேரத்தில் குறைந்தது ஐந்து சதவிகித அளவுக்குச் சம்பளமில்லாத தன்னார்வலர்களும் வேலை செய்ய வேண்டும். அரசாங்கமே சட்டம் போட்டு ஓசி வேலையைக் கட்டாயமாக்கியது! ஹாஸ்பிஸ் பணம் பார்க்கும் தொழிலாக மட்டும் ஆகிவிடக் கூடாதே என்ற பயம்.

அப்படியும் ஓட்டை இருந்தது. ஹாஸ்பிஸ் நர்ஸ் வீட்டுக்கு வருவார், பார்ப்பார், போய்விடுவார். வாரத்தில் சில மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் குடும்பம்தான். ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவின் மூச்சு விட்டுவிட்டு வருகிறது. தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம். பாதம் சில்லென்று ஆகி, நீலம் பாரிக்கிறது. இது என்ன, வலியா, கடைசியா? யாரைக் கேட்பது? பயந்துபோய் ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறார்கள். வீட்டில்தான் சாக வேண்டும் என்று ஆசைப்பட்டவர் எமர்ஜென்ஸி வார்டில் குழாய்களோடு சாகிறார்.

நியூயார்க்கில் ஒரு ஹாஸ்பிஸில் சமூகப் பணியாளராக இருந்த ஹென்றி ஃபெர்ஸ்கோ-வைஸ் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தோழி ஒருவர் அப்போது பிரசவ டூலா ஆவதற்குப் படித்துக்கொண்டிருந்தார். டூலா என்பது கிரேக்க வார்த்தை. பணிப்பெண் என்று பொருள், அடிமைப் பெண் என்றும் பொருள். பிரசவத்தில் துணை நிற்கும் பெண்ணுக்கு அந்தப் பெயரை 1970-களில் பிரபலமாக்கியவர் டானா ரஃபேல் என்ற மானிடவியலாளர். 1980-ல் கவுதமாலாவில் நடந்த ஓர் ஆய்வு முடிவு அமெரிக்க மருத்துவ உலகை நிமிர்ந்து உட்கார வைத்தது. பக்கத்தில் துணைக்கு ஒரு பெண் இருந்த கர்ப்பிணிகளுக்குப் பிரசவத்துக்குச் சராசரியாக 8.8 மணி நேரம். யாரும் இல்லாதவர்களுக்கு 19.3 மணி நேரம். அந்தத் துணைப் பெண்கள் எந்த மருத்துவப் படிப்பும் படித்தவர்கள் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு, முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டு இருந்தார்கள். அவ்வளவுதான்.

வருவதற்கு இது சரி என்றால், போவதற்கு? ஃபெர்ஸ்கோ-வைஸ் தானே பிரசவ டூலா பயிற்சிக்குப் போனார். கற்றதை அப்படியே மரணத்துக்கு மாற்றி, 2003-ல் தன் ஹாஸ்பிஸில் ஒரு திட்டம் தொடங்கினார். 2015-ல் பயிற்சிக்கென்றே ஓர் அமைப்பையும் ஆரம்பித்தார். 2017-ல் வெர்மாண்ட் பல்கலைக்கழகம் எட்டு வாரப் படிப்பே கொண்டுவந்துவிட்டது. 2020-ல் கொரோனா வந்து ஆஸ்பத்திரிக் கதவுகள் சாத்தப்பட்டு, அம்மாவுக்கு மகன் செல்போன் திரையில் விடைகொடுத்த பிறகு, இந்தப் படிப்பு எதற்கு என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

*

சரி, வகுப்பில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

ஃபெர்ஸ்கோ-வைஸ் முறையில் மூன்று கட்டம். முதலாவது, ஆள் நினைவோடு இருக்கும்போதே உட்கார்ந்து பேசுவது. வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்க வைப்பது. பேரப்பிள்ளைகளுக்குக் கடிதமோ, குரல் பதிவோ, சமையல் குறிப்போ, ஏதோ ஒன்றை விட்டுச் செல்ல உதவுவது. கடைசி நேரம் எப்படி இருக்க வேண்டும் என்று அவரிடமே கேட்டு எழுதி வைப்பதும் இதில்தான். எந்த அறை, என்ன பாட்டு, யார் இருக்கலாம், முக்கியமாக யார் இருக்கக் கூடாது.

இரண்டாவது, காவல். கடைசி சில நாட்கள் ஷிஃப்ட் போட்டு இரவும் பகலும் கூடவே இருப்பது. மூச்சு ஏன் இப்படி மாறுகிறது, ஏன் சாப்பாடு வேண்டாம் என்கிறார் என்று குடும்பத்துக்குச் சொல்வது. சாப்பிடாததால் சாகவில்லையம்மா, உடம்பு மூடிக்கொண்டு வருகிறது, அதனால் சாப்பாடு கேட்கவில்லை. இந்த ஒரு வாக்கியம் ஒரு மகளை எத்தனை வருடக் குற்ற உணர்ச்சியிலிருந்து காப்பாற்றும்!

பேசிக்கொண்டே இருங்கள் என்றும் சொல்வார்கள். வெறும் நம்பிக்கையில்லை. 2020-ல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வில், கண் திறக்காமல், கூப்பிட்டால் அசையாமல் கிடந்த ஹாஸ்பிஸ் நோயாளிகள் சிலரின் மூளை, சாவுக்குச் சில மணி நேரம் முன்புகூட ஒலிகளுக்குப் பதில் காட்டியது பதிவாகியிருக்கிறது. புரிந்ததா என்று சொல்ல முடியாது. ஆனால் காது மூடவில்லை.

மூன்றாவது, எல்லாம் முடிந்து சில வாரம் கழித்துத் திரும்பப் போவது. கூட்டம் கலைந்த வீட்டில் உட்கார்ந்து நடந்ததைப் பேச வைப்பது.

செய்யக் கூடாத பட்டியல்தான் கஷ்டமான பாடம். மருந்து கொடுக்கக் கூடாது. புத்திமதி கூடாது. தன் கடவுளை நோயாளியின் தலையில் கட்டக் கூடாது. எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவே கூடாது. அழுகிறவரை அழ விட வேண்டும். சும்மா இருக்கப் பழகுவதற்குத்தான் பயிற்சியில் பாதி.

*

உறுத்துகிற இடமும் ஒன்று உண்டு. இதற்கு அரசாங்க லைசென்ஸ் எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். மெடிகேர் காசு தராது. தன்னார்வலராகச் செய்பவர்களைத் தவிர மற்றவர்கள் மணிக்கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள். தனியாகச் சாகும் ஆபத்து அதிகம் இருப்பது யாருக்கு? காசும் இல்லாத, ஆளும் இல்லாதவனுக்கு. கட்டணம் கொடுக்க முடிகிறவன் டாஸ்மா இல்லை.

இந்தக் கணக்குக்கு வேறு விடை கண்டுபிடித்தவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். செயின்ட் கிறிஸ்டோபரில் ஆராய்ச்சி செய்த ராபர்ட் ட்வைகிராஸ் என்ற டாக்டர் பிறகு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். அவருடைய வழிகாட்டுதல் கோழிக்கோட்டுக்கு வந்தது. 1993-ல் அங்கே டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு சேர்ந்து வலி நிவாரண சொசைட்டி ஒன்றைத் தொடங்கினார்கள். 1990-களின் கடைசியில் அது மலப்புரம் பக்கம் ஊர் ஊராகப் பரவியது. கடைக்காரர்கள், ஆசிரியர்கள், காலேஜ் பிள்ளைகள் எல்லாம் சில நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு, தங்கள் தெருவில் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்கப் போனார்கள். உட்கார்ந்து பேசினார்கள். வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போகின்றனவா என்றும் பார்த்தார்கள். சாண்டர்ஸ் சொன்ன முழு வலியில் அதுவும் சேர்த்திதானே! நோயாளி வீட்டுக்குப் பில் போகவில்லை. ஊரே சின்னச் சின்னத் தொகையாகப் போட்டது. 2008-ல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. இந்தியாவில் முதல் மாநிலம். 2010-ல் 'எகனாமிஸ்ட்' குழுமத்தின் ஆய்வுப் பிரிவு, மரணத்தின் தரத்தை வைத்து 40 நாடுகளை வரிசைப்படுத்தியது. இந்தியாவுக்குக் கிடைத்தது 40-வது இடம். கடைசி. அதே அறிக்கை, கேரளா மட்டும் விதிவிலக்கு என்றும் எழுதியது.

யூஜீன் ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போவோம். அந்த ராத்திரி சாண்ட்ரா க்ளார்க்குக்குத் திறமை குறைவில்லை, மனசும் குறைவில்லை. ஏழு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் பிரச்னை. அந்த ஒன்றரை மணி நேரம் உட்கார வேறு யாராவது ஒருத்தர் அந்தக் கட்டடத்தில் இருந்தார்களா என்றால், நிச்சயம் இருந்திருப்பார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 2001-ல் கேட்டார்கள், வந்தார்கள்.

பெரியவருடைய பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அவர் கேட்ட உதவிக்குப் பயிற்சி எதுவும் தேவைப்பட்டிருக்காது. ஒரு நாற்காலியை இழுத்துப் போடத் தெரிந்தால் போதும்.